கிருமியின் எண்ணெய்ச் செக்கு

ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, அதில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டுப் பாருங்கள். எண்ணெய் வட்ட வட்டமாகத் திரண்டு மிதக்கும். விரலால் எவ்வளவு கலக்கினாலும் சற்று நேரத்தில் மறுபடியும் திரண்டுகொள்ளும். தண்ணீரும் எண்ணெயும் ஒட்டாது என்பது வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். ஆனால் இந்த ஒட்டாத குணம் இல்லையென்றால் உலகில் எந்த உயிரும் இருந்திருக்க முடியாது என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

உயிருள்ள ஒவ்வொரு செல்லும் தண்ணீரில் மிதக்கும் ஒரு சிறு தண்ணீர்ப் பை. உள்ளே இருப்பதும் தண்ணீர், வெளியே இருப்பதும் தண்ணீர். இரண்டும் கலந்து போகாமல் காப்பது எது? இடையிலே இருக்கும் ஒரு மெல்லிய எண்ணெய்ச் சுவர். அதைத்தான் செல் படலம் என்கிறோம். அந்தச் சுவரைக் கட்டும் மூலக்கூறுக்குப் பாஸ்போலிப்பிடு என்று பெயர். அதற்குத் தண்ணீரை விரும்பும் ஒரு தலையும், தண்ணீரை வெறுக்கும் இரண்டு நீண்ட வால்களும் உண்டு. வால்கள் கொழுப்பு அமிலங்களால் ஆனவை. தண்ணீரில் விட்டால் இம்மூலக்கூறுகள் தாமாகவே இரண்டு வரிசையாக அணிவகுத்து, வால்களை உள்ளே மறைத்து, தலைகளை இருபுறமும் நீட்டிக்கொள்ளும். யாரும் கட்டளையிடத் தேவையில்லை.

இச்சுவரின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். அதாவது இரண்டு இலட்சம் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். இவ்வளவு மெல்லிய சுவரின் இருபுறமும், நம் நரம்புச் செல்லில், சுமார் 70 மில்லிவோல்ட் மின்னழுத்த வேறுபாடு நிற்கிறது. 70 மில்லிவோல்ட் என்றால் ஒன்றுமில்லை என்று தோன்றும். 5 நானோமீட்டரால் வகுத்துப் பாருங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு கோடியே நாற்பது இலட்சம் வோல்ட்! காற்றில் மின்பொறி பாய ஏறக்குறைய முப்பது இலட்சமே போதும். இயற்பியல் சொல்லிக்கொடுப்பவனுக்கு நோய்க்கிருமிகளோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் இந்தக் கணக்கைச் சொல்லி வைக்கிறேன். இந்தச் சுவரில் ஒரு சிறு ஓட்டை விழுந்தால் செல்லின் கதி என்னவாகும் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

இன்னொரு செய்தியும் வேண்டும். மார்கழி மாதக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால் சொட்டுக்கூட விழாது, உறைந்திருக்கும். பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெய் உறைவதில்லை. ஏன்? தேங்காய் எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்கள் பெரும்பாலும் நேரான சங்கிலிகள். தீப்பெட்டியில் குச்சிகளைப் போல நெருக்கமாக அடுங்கிவிடுகின்றன. நல்லெண்ணெயின் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. அந்த இடத்தில் சங்கிலி வளைந்துவிடும். வளைந்த குச்சிகளை நெருக்கி அடுக்க முடியாதல்லவா? செல் படலத்துக்கும் இதே சிக்கல்தான். மிகவும் இறுகினால் உறைந்துபோகும். மிகவும் இளகினால் ஒழுகிவிடும். இரண்டுக்கும் நடுவே நிறுத்துவதற்காக ஸ்டெரால் என்னும் தட்டையான மூலக்கூறு வால்களுக்கிடையே ஆப்புப் போலச் செருகப்பட்டிருக்கிறது. நம் உடலில் அந்த வேலையைச் செய்வது கொலஸ்ட்ரால். கொலஸ்ட்ரால் என்றதும் மாரடைப்புதான் பலருக்கு நினைவு வரும். அது இல்லாமல் நம் செல் ஒன்றுகூட நிலைத்து நிற்காது என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நோய்க்கு வருவோம்.

புரோட்டோசோவா என்னும் ஒற்றைச் செல் உயிரிகளில் சில நம் உடலில் புகுந்து நோய் உண்டாக்குகின்றன. மலேரியா, சீதபேதி, காலா அசார் ஆகியவை இவற்றால் வருபவை. பாக்டீரியாவைப் போல இவை நம்மிடமிருந்து வெகுதூரம் விலகிய இனமல்ல. இவற்றுக்கும் உட்கரு உண்டு. உள்ளமைப்பும் ஏறக்குறைய நம் செல்லைப் போன்றதே. இதுதான் மருத்துவருக்குப் பெரிய தலைவலி. கிருமியைக் கொல்லும் மருந்து நம் செல்லையும் சேர்த்துக் கொல்லப் பார்க்கும்.

ஒரு கிருமி இரண்டாகப் பிளக்கும்போது படலமும் ஏறத்தாழ இரண்டு மடங்காக வேண்டும். அதற்கு எண்ணெய் வேண்டும். எங்கிருந்து வரும்? வீட்டில் எண்ணெய் தீர்ந்தால் என்ன செய்வோம்? சொந்தச் செக்கு வைத்திருப்பவர் ஆட்டிக்கொள்வார். இல்லாதவர் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்வார். கிருமிகளிலும் இவ்விரண்டு வகையும் உண்டு. சில கிருமிகள் கொழுப்பைத் தாமே தயாரிக்கின்றன. சில நம்மிடமிருந்து திருடுகின்றன. இரண்டையும் செய்யும் சாமர்த்தியசாலிகளும் உண்டு. கிருமியின் செக்கு நம் செக்கிலிருந்து வேறுபட்டதாக இருந்தால், அதை மட்டும் உடைக்க ஒரு மருந்து தேடலாம். திருடிப் பிழைக்கும் கிருமியிடம் உடைப்பதற்குச் செக்கே இல்லை.

சீதபேதியை உண்டாக்கும் எண்டமீபா ஹிஸ்டாலிட்டிகா இந்த இரண்டாம் வகை. கொழுப்பு அமிலத்தையோ ஸ்டெராலையோ முதலிலிருந்து தயாரிக்கும் நொதிகள் அதனிடம் இல்லை. குடலில் கிடைப்பதை எடுத்துக்கொள்கிறது. எனவே சீதபேதிக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் அதன் கொழுப்பைத் தொடுவதில்லை; ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் அதன் வாழ்க்கை முறையிலே கை வைக்கிறது. சொந்தச் செக்கு வைத்திருந்து மாட்டிக்கொண்ட கிருமியின் கதை வேறு. அக்கதையின் முதல் அத்தியாயம் நம் சென்னையிலேயே நடந்தது.

சென்னையில் ஒரு மண்ணீரல்

பீர்க்கன்கரணையில் இருப்பவர்கள் பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பூங்கா நிலையத்தில் இறங்கலாம். எதிரே தெரியும் பெரிய மருத்துவமனை இன்று ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை எனப்படுகிறது. 1903-இல் அங்கே பணியாற்றியவர் சார்லஸ் டோனவன். கல்கத்தாவில் பிறந்த ஐரிஷ்காரர். சென்னை மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பேராசிரியர்.

அக்காலத்தில் விட்டு விட்டு வரும் நீண்ட காய்ச்சல் எதுவானாலும் மலேரியா என்று சொல்லிக் குயினைன் கொடுப்பது வழக்கம். ஆனால் சில நோயாளிகளுக்குக் குயினைனால் பயனே இல்லை. மண்ணீரல் வீங்கி வயிறு முன்தள்ளும், கைகால் குச்சியாகும், இரத்தம் வற்றும், மாதக்கணக்கில் நலிந்து இறந்து போவார்கள். வட இந்தியாவில் தோல் கறுத்துப் போவதைக் கண்டு இதைக் காலா அசார், அதாவது கறுப்பு நோய், என்று அழைத்தனர். மருத்துவம் செய்யாவிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் இறந்துவிடுவார்கள். இன்றும் அப்படித்தான்.

1903 மே மாத இறுதியில் வில்லியம் லீஷ்மன் என்ற பிரிட்டிஷ் இராணுவ மருத்துவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். கல்கத்தாவுக்கு அருகே டம்டம் முகாமில் இருந்து நோயுற்று இங்கிலாந்து திரும்பி இறந்த ஒரு படைவீரரின் மண்ணீரலில் சின்னஞ்சிறு முட்டை வடிவ உருக்களைக் கண்டதாக எழுதியிருந்தார். அவை டிரிப்பனோசோமா என்ற வேறொரு கிருமி, உடல் இறந்தபின் சிதைந்து உண்டான உருக்களாக இருக்கலாம் என்பது அவர் ஊகம். சென்னையில் இதைப் படித்த டோனவனுக்கு வியப்பு. அந்த ஏப்ரல் மாதத்தில், இறந்த நோயாளிகளின் மண்ணீரலில் அதே உருக்களை அவரும் பார்த்திருந்தார்! இறந்தபின் ஏற்பட்ட சிதைவா, உயிருள்ள கிருமியா? தீர்மானிக்க ஒரே வழிதான். ஜூன் 17 அன்று, உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலில் ஊசி செலுத்தி எடுத்த இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தார். உருக்கள் அங்கேயும் இருந்தன. சிதைவு என்ற ஊகம் அத்துடன் விழுந்தது. சில கண்ணாடித் தகடுகளை லிவர்பூலில் இருந்த ரொனால்டு ராஸுக்கும், பாரிசில் இருந்த லாவரானுக்கும் அனுப்பி வைத்தார். ராஸ் அக்கிருமிக்கு லீஷ்மேனியா டோனவானி என்று இருவர் பெயரையும் சேர்த்துச் சூட்டினார். உலகின் எந்தப் பாடநூலைத் திறந்தாலும் அந்தப் பெயரில் நம் பொது மருத்துவமனையின் ஒரு பகல்பொழுது மறைந்திருக்கிறது.

இக்கிருமி மணல் ஈ கடிப்பதால் பரவுகிறது. கொசுவில் மூன்றில் ஒரு பங்கே உள்ள சிறு பூச்சி அது. உடலில் நுழைந்ததும் கிருமி செய்யும் காரியம் துணிச்சலானது. கிருமிகளை விழுங்கி அழிப்பதற்கென்றே நம் உடலில் உள்ள விழுங்கு செல்களுக்குள்ளேயே போய்க் குடியிருக்கிறது! திருடன் காவல் நிலையத்தில் குடித்தனம் நடத்துவது போல.

ஒரு கார்பன் அணு

லீஷ்மேனியாவின் படலத்தில் உள்ள ஸ்டெராலைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தபோது அது பெரும்பாலும் கொலஸ்ட்ரால் அல்ல என்று தெரிந்தது. எர்கோஸ்டெராலும் அதன் உறவுப் பொருள்களும் இருந்தன. ஈஸ்ட், பூஞ்சை முதலியவற்றில் இருக்கும் ஸ்டெரால் அது.

இரண்டுக்கும் உள்ள வேற்றுமையைச் சொன்னால் சிரிப்பீர்கள். கொலஸ்ட்ராலில் 27 கார்பன் அணுக்கள், எர்கோஸ்டெராலில் 28. கூடவே இரண்டு இரட்டைப் பிணைப்புகள் அதிகம். அவ்வளவுதான். தயாரிப்பு முறையும் பாதி வழிவரை ஒன்றே. ஐந்து கார்பன் கொண்ட சிறு துண்டுகள் ஆறு சேர்ந்து 30 கார்பன் கொண்ட ஸ்குவாலின் என்னும் நீண்ட சங்கிலியாகும். (சுறாமீன் எண்ணெயில் நிறைய இருப்பது இதுவே.) பின் சங்கிலி மடிந்து நான்கு வளையங்களாகும். அதற்குப் பிறகுதான் பாதை பிரிகிறது. நம் செல் தேவையற்ற மூன்று கார்பன்களைச் செதுக்கி எறிந்துவிட்டு நிறுத்திக்கொள்கிறது. லீஷ்மேனியா அவ்வாறு செதுக்குவதோடு, வாலில் ஒரு புதிய கார்பனையும் ஒட்டுகிறது. அதை ஒட்டும் நொதி மனித உடலில் கிடையவே கிடையாது.

இந்த ஒரு கார்பன் வேற்றுமையைக் கண்டுபிடித்துத் தாக்கும் மருந்து நமக்குக் கிடைத்தது ஒரு தற்செயல். தென் அமெரிக்காவில், வெனிசுலா நாட்டின் ஒரினாக்கோ ஆற்றங்கரை மண்ணில் வாழும் ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிரியிலிருந்து 1950-களின் நடுவில் ஆம்போடெரிசின்-பி பிரித்தெடுக்கப்பட்டது. பூஞ்சை நோய்களுக்காகத் தேடிய மருந்து அது. அதன் மூலக்கூறில் ஒரு பக்கம் தண்ணீரையும், மறுபக்கம் எண்ணெயையும் விரும்பும். எர்கோஸ்டெரால் உள்ள படலத்தைக் கண்டால் பல மூலக்கூறுகள் கூடிச் சென்று அதில் துளையிடுகின்றன. துளை வழியே உள்ளிருக்கும் பொட்டாசியம் அயனிகள் வெளியே ஓடிவிடும். இத்துடன், பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவது போலப் படலத்திலிருந்து எர்கோஸ்டெராலையே உறிஞ்சி எடுப்பதும் கொல்வதற்கு ஒரு முக்கிய காரணம் என்று 2014-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. எப்படியானாலும் சுவர் நிற்பதில்லை. முதலில் சொன்ன ஒரு கோடியே நாற்பது இலட்சம் வோல்ட் கணக்கை இங்கே மறுபடியும் எண்ணிப் பாருங்கள்.

ஆனால் 27-க்கும் 28-க்கும் உள்ள தூரம் மிகக் குறைவு. ஆம்போடெரிசின் கொலஸ்ட்ராலையும் ஓரளவு பிடித்துக்கொள்ளும். அதனால் குளிர்நடுக்கம், காய்ச்சல், சிறுநீரகக் கேடு எல்லாம் வரும். எனவே காலா அசாருக்கு நெடுங்காலம் வேறு மருந்துகளே முன்னின்றன. கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி 1920-களின் தொடக்கத்தில் கண்ட யூரியா ஸ்டிபமின் என்ற ஆன்டிமனி மருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது. ஆன்டிமனி மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பீகாரில் பெருகியபின்தான், வேறு வழியின்றி, ஆம்போடெரிசினிடம் திரும்ப வேண்டியதாயிற்று.

அதன் நச்சைக் குறைத்த உபாயம் இன்னும் அழகானது. அந்த மருந்தை எண்ணெய்ப் பொட்டலத்தில் கட்டினார்கள்! பாஸ்போலிப்பிடுகள் தண்ணீரில் தாமாகவே சுருண்டு சிறு கோளங்களாவதை இங்கிலாந்தில் அலெக் பாங்கம் 1960-களில் கண்டிருந்தார். லிப்போசோம் எனப்படும் அக்கோளங்களின் சுவரில் மருந்தைப் பதித்து இரத்தத்தில் செலுத்துகிறார்கள். பொட்டலத்துக்குள் இருக்கும்வரை மருந்து சிறுநீரகத்தை அதிகம் தொந்தரவு செய்வதில்லை. இரத்தத்தில் மிதக்கும் அயல் துகள்களை விழுங்குவது யார்? விழுங்கு செல்கள். லீஷ்மேனியா எங்கே ஒளிந்திருக்கிறது? அதே செல்களில்! மருந்து முகவரி விசாரிக்காமலே வீடு போய்ச் சேருகிறது.

பீகாரின் முசாபர்பூரில் சியாம் சுந்தர் குழுவினர் நடத்திய சோதனையின் முடிவு 2010-இல் வெளிவந்தது. பழைய முறையில் ஒருநாள் விட்டு ஒருநாள் 15 முறை மருந்து ஏற்ற வேண்டும்; 29 நாள் மருத்துவமனை வாசம். புதிய முறையில் உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஒரே ஒரு முறை. அப்படி மருந்து பெற்ற 304 பேரில் ஆறு மாதம் கழித்தும் நோயின்றி இருந்தவர்கள் 95.7 விழுக்காடு. பழைய முறையில் 96.3. ஏறக்குறைய சமம்தான். ஆனால் ஒரு கூலித் தொழிலாளிக்கு ஒரு நாளும் ஒரு மாதமும் சமமா?

கிருமியும் சும்மா இருப்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் ஆம்போடெரிசினைச் சிறிது சிறிதாகக் கூட்டி வளர்த்தபோது அதற்கு அடங்காத லீஷ்மேனியாக்கள் தோன்றின. அவற்றின் படலத்தை ஆராய்ந்தால் எர்கோஸ்டெரால் காணோம். வேறு ஸ்டெரால் இருந்தது. செக்கையே மாற்றிக்கொண்டு விட்டன!

மலேரியாவின் பச்சைப் பூர்விகம்

அடுத்த கதையில் ஒரு தோல்வியும் உண்டு. அதனாலேயே இதை விரிவாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

சென்னையில் மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் முட்டையிடும் அனாபிலஸ் ஸ்டீபன்சி என்ற கொசு மலேரியாவைப் பரப்பும். கிருமியின் பெயர் பிளாஸ்மோடியம். அதன் செல்லுக்குள் நான்கு படலங்கள் சூழ்ந்த ஒரு சிறு உறுப்பு இருக்கிறது. அபிகோபிளாஸ்ட் என்று பெயர். அது என்ன தெரியுமா? ஒரு காலத்தில் பசுங்கணிகமாக இருந்தது! இந்த உறவை 1990-களில் உறுதிப்படுத்தினார்கள். பிளாஸ்மோடியத்தின் மூதாதை எப்போதோ ஒரு சிவப்புப் பாசியை உள்வாங்கிக்கொண்டது. பச்சையம் போய்விட்டது, ஒளிச்சேர்க்கை போய்விட்டது, ஆனால் தொழிற்கூடம் மட்டும் மிஞ்சியது. தாவரத்தின் பசுங்கணிகத்தில் கொழுப்பு அமிலம் தயாராகும் முறையும், பாக்டீரியாவில் தயாராகும் முறையும் ஒன்றே: ஒவ்வொரு படிக்கும் ஒரு தனி நொதி. நம் உடலிலோ எல்லாப் படிகளையும் ஒரே பெரிய புரதம் செய்கிறது. ஆக, மலேரியாக் கிருமியிடம் நம்மிடம் இல்லாத ஒரு செக்கு இருக்கிறது!

பெங்களூரில் நமிதா சுரோலியாவும் அவதேஷ சுரோலியாவும் இதைப் பற்றிக்கொண்டனர். சோப்பு, பற்பசை முதலியவற்றில் கிருமிநாசினியாகச் சேர்க்கப்பட்ட டிரைக்ளோசான் என்ற பொருள், பாக்டீரியாவின் கொழுப்பு அமில நொதிகளுள் ஒன்றை முடக்கும் என்பது அப்போது தெரிந்திருந்தது. மலேரியாக் கிருமியின் அதே நொதியையும் டிரைக்ளோசான் முடக்குகிறது, சோதனைக்குழாயில் கிருமியின் வளர்ச்சியை நிறுத்துகிறது, மலேரியா கண்ட எலிகளையும் காப்பாற்றுகிறது என்று 2001-இல் அவர்கள் வெளியிட்டார்கள். மலிவான, பழகிப்போன ஒரு பொருள் மலேரியாவைத் தீர்க்குமா? உலகமே திரும்பிப் பார்த்தது. பல நாடுகளில் அந்த நொதியைக் குறிவைத்து மருந்து தேடத் தொடங்கினார்கள்.

2008-இல் வேறொரு குழு நேரடியான கேள்வியைக் கேட்டது. அந்த நொதியின் மரபணுவையே கிருமியிலிருந்து நீக்கிவிட்டால் என்ன? நீக்கினார்கள். இரத்தத்தில் வளரும் கிருமி ஒன்றும் நடக்காதது போல வளர்ந்தது! அதைவிட வியப்பு, நொதியே இல்லாத அக்கிருமியையும் டிரைக்ளோசான் கொன்றது. அப்படியானால் டிரைக்ளோசான் வேறெங்கோ கை வைக்கிறது. இரத்தத்தில் இருக்கும்போது கிருமிக்குச் சொந்தச் செக்கு தேவையில்லை. கொழுப்பு அமிலம் நிறைந்த இரத்தத்தில் மிதக்கும் செல்லுக்குள் உட்கார்ந்திருப்பவனுக்குத் திருடுவதே சுலபம்.

பிறகு அந்தச் செக்கு எதற்கு? எலி மலேரியாக் கிருமிகளில் செய்த சோதனைகள் விடை தந்தன. கொசு கடித்ததும் கிருமி முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ஒரே செல்லுக்குள் ஒரு கிருமி ஆயிரக்கணக்கான குஞ்சுகளாகப் பெருகும். சிவப்பணுவில் ஒரு சுற்றுக்குச் சில பத்துகளே வரும். ஆயிரக்கணக்கான குஞ்சுகளுக்கும் தனித்தனியே படலம் போர்த்த வேண்டுமே! திருடிய எண்ணெய் போதவில்லை; செக்கு ஓட வேண்டியிருக்கிறது. மரபணு நீக்கப்பட்ட கிருமிகள் கல்லீரலிலேயே கடைசிக் கட்டத்தில் நின்று போயின. ஆனால் கல்லீரலில் கிருமி இருக்கும்போது காய்ச்சல் வராது. காய்ச்சல் இல்லாத மனிதர் மருத்துவரிடம் போகமாட்டார். இந்தச் செக்கை உடைக்கும் மருந்து நோயைத் தடுக்க உதவலாமே தவிர, வந்த நோயைத் தீர்க்காது.

சரி, கொழுப்பு அமிலத்துக்குத் தேவையில்லை என்றால், இரத்தத்தில் இருக்கும் கிருமி அபிகோபிளாஸ்டை ஏன் சுமந்துகொண்டு திரிகிறது? அமெரிக்காவில் எலன் யேவும் ஜோசப் டெரிசியும் 2011-இல் இதற்கு ஒரு சோதனை செய்தார்கள். நோய்முறி மருந்து கொடுத்துக் கிருமியிடமிருந்து அபிகோபிளாஸ்டையே ஒழித்துவிட்டார்கள். சாதாரணமாக அது கிருமிக்குச் சாவுதான். ஆனால் வளர்ப்புத் திரவத்தில் ஒரே ஒரு பொருளைச் சேர்த்தபோது அபிகோபிளாஸ்ட் இல்லாமலே கிருமி பிழைத்தது. அப்பொருள் எது? ஸ்டெராலைச் சொல்லும்போது ஐந்து கார்பன் துண்டுகள் ஆறு சேர்ந்து ஸ்குவாலின் ஆகும் என்றேனல்லவா, அந்த ஐந்து கார்பன் துண்டுதான். பிளாஸ்மோடியம் அதிலிருந்து ஸ்டெரால் செய்வதில்லை. வேறு இன்றியமையாத பொருள்களைச் செய்துகொள்கிறது. நாம் அதைச் செய்யும் வழி வேறு; அபிகோபிளாஸ்ட் செய்யும் வழி வேறு. பாஸ்மிடோமைசின் என்ற மருந்து அவ்வழியிலுள்ள ஒரு நொதியை முடக்கி மலேரியாக் கிருமியை நிறுத்தும் என்று ஜெர்மனியிலிருந்து 1999-இலேயே செய்தி வந்திருந்தது. தனியே கொடுத்தபோது பலருக்கு நோய் திரும்பி வந்ததால் மற்ற மருந்துகளோடு சேர்த்துச் சோதித்தார்கள். கொழுப்பு அமிலம் இரத்தத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. இந்த ஐந்து கார்பன் துண்டோ, சிவப்பணுவுக்குள் இருக்கும் கிருமிக்குத் திருடக் கிடைப்பதில்லை.